விசிறி திறக்காத ஜன்னல்

அந்தத் தீயணைப்பு நிலையத்தில் சொந்தப் பெயர் எதற்கும் பயன்பட்டதில்லை. அது வருகைப் பதிவேட்டில் ஓரமாகக் கிடக்கும். மற்ற நேரமெல்லாம் பட்டப்பெயர்தான். கதவு நிலையில் தலை இடிக்கிற உயரத்தில் இருப்பவன் நெட்டையன். எந்தத் தீ என்றாலும் முதல் ஆளாக உள்ளே நுழையத் துடிப்பவர் முந்திரிக்கொட்டை, சுருக்கமாக முந்திரி. அவள் விசிறி. இருபது வருட சர்வீஸ், நாற்பத்து மூன்று வயது, மூக்கு நுனியில் கோபம், ஓயாத வாய். இந்த நான்கையும் பட்டப்பெயராக்க முடியாததால் அவள் கையாளும் இயந்திரத்தின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இயந்திரம் என்றால் புளோயர். பெட்ரோலில் ஓடும் ராட்சச விசிறி, இரண்டு சக்கரங்களில் நிலையத்தின் மூலையில் நிற்கும். ஸ்டார்ட் செய்தால் எதிரே நிற்பவரின் தொப்பியைத் தெருமுனையில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். அதோடு, கதவில் மாட்டும் புகைத் திரை, கோடரி, ரம்பம், நுனியில் துணி நாடா கட்டிய நீளமான கொக்கிக் கம்பு. இவ்வளவும் அவள் பொறுப்பு. தீயை அணைப்பது மற்றவர்கள் வேலை. புகையை எந்த வழியில், எந்த நேரத்தில் வெளியேற்றுவது என்று முடிவு செய்வது அவள் வேலை.

இதை விளக்கப் போனால் கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள் என்பது அவளுடைய நிரந்தர வருத்தம். "தண்ணி அடிக்கிறவங்களத்தான் எல்லாரும் போட்டோ எடுக்கிறாங்க. காத்த எப்படிப் போட்டோ எடுக்கிறது?" என்று அலுத்துக்கொள்வாள். விளக்காமலும் விடமாட்டாள். புகை என்பது இன்னும் எரியாமல் மிச்சமிருக்கும் தீ. மூடிய அறைக்குள் அது காற்றுக்காகக் காத்துக்கிடக்கும். உள்ளே தண்ணீர் தயாராவதற்கு முன்னால் ஒரு ஜன்னலை உடைத்தால் போதும், காத்திருந்ததெல்லாம் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் வந்த பிறகு சரியான ஜன்னலைத் திறந்தால் அதே புகை இருந்த இடம் தெரியாமல் ஓடிப்போகும். ஒரே ஜன்னல்தான். ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனால் உயிர் போகும்.

அவளுடைய கணவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். சாது. ஒருநாள் அடுப்பில் பால் தீய்ந்து சமையலறை முழுக்கப் புகை. மனிதர் பதறிப்போய் ஜன்னலைத் திறக்க ஓடினார். குளியலறையிலிருந்து ஒரு குரல்: "அதத் தொடாதீங்க! முதல்ல அடுப்ப அணைங்க! அப்புறம் கூடத்துக் கதவச் சாத்துங்க! அப்புறம்தான் ஜன்னல்!" அவர் ஒவ்வொன்றாகச் செய்துவிட்டு, "இனிமே மூச்சு விடலாமா?" என்று கேட்டார். மகளுக்கு இந்தக் கதையைத் தோழிகளிடம் சொல்லிச் சொல்லி அலுக்கவே இல்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு குறை இருந்தது. சின்னக் குறை அல்ல.

பதினான்கு வருடங்களுக்கு முன் ஒரு காகிதக் கிடங்கில் தீ. அப்போது எல்லோர் கையிலும் ரேடியோ கிடையாது. விசில்தான். உள்ளே போனவர் ஹோஸ் முனையிலிருக்கும் நாசிலில் தண்ணீர் வந்ததும் மூன்று முறை ஊதுவார். வெளியே கம்போடு நிற்பவர் அதைக் கேட்டபிறகுதான் ஜன்னலை உடைக்கலாம். உள்ளே போனவர் முந்திரி, வெளியே நின்றவள் விசிறி. மூன்று விசில் கேட்டது. அவள் உடைத்தாள். உள்ளே தண்ணீர் வந்திருக்கவில்லை. காற்று நுழைந்த வேகத்தில் அறை முழுக்கத் தீயாயிற்று. முந்திரி தவழ்ந்து வெளியே வந்தபோது அவருடைய இடது காதும் தோளும் வெந்து போயிருந்தன. நாற்பது நாள் ஆஸ்பத்திரி.

விசாரணை நடந்தது. கட்டுப் போட்ட தலையோடு படுத்திருந்த முந்திரியிடம் கேட்டார்கள். "விசில் ஊதினீர்களா?" அவர் இல்லை என்றார். பம்ப் இரைச்சலில் வேறு யாருக்கும் எதுவும் கேட்டிருக்கவில்லை. அவ்வளவுதான். 'சைகை வருமுன்பே ஜன்னலை உடைத்தார்' என்று அவளுடைய பணிக் கோப்பில் ஒரு வரி ஏறியது. அவள் காது டாக்டரிடம் போய்ப் பரிசோதித்துக்கொண்டாள். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னார். அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. காதில் கோளாறு இல்லையென்றால் தலையில்தான் ஏதோ கோளாறு என்று பல நாள் தூக்கம் கெட்டாள்.

முந்திரி வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து அவளோடு சேர்ந்து எந்தத் தீக்கும் உள்ளே போனதில்லை. சண்டை போடவில்லை, குத்திப் பேசவில்லை. காலையில் யார் வாசல், யார் உள்ளே என்று பிரிக்கும்போது அதிகாரியிடம் போய்த் தலையைச் சொறிவார். "சார், வாசல்ல வேற யாரையாவது போடுங்களேன்." புதிதாக மாற்றலாகி வரும் அதிகாரிக்கும் ஒரே வாரத்தில் இது பழகிவிடும். விசிறிக்குப் பதவி உயர்வு தள்ளிப்போனதுகூடப் பெரிதாகப் படவில்லை. அந்த மனிதர் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் பேச்சை நம்பி ஒரு தீக்குள் போய் வர வேண்டும். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று கணவரிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்தத் திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு மணி அடித்தது. சோபா செய்யும் பட்டறையில் தீ. இரண்டு பேர் விடுப்பில் இருந்தார்கள். வண்டி கிளம்பும்போதே அதிகாரி பின்னால் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "முந்திரி உள்ளே. விசிறி வாசல். வேற ஆள் இல்லப்பா, கேக்காத." முந்திரி கேட்கவில்லை. ஹெல்மெட் வாரை இறுக்கினார், அவிழ்த்தார், மறுபடி இறுக்கினார். விசிறியின் வாயும் வழக்கத்துக்கு மாறாக மூடியே இருந்தது.

மூன்று மாடிக் கட்டடம். கீழ்த்தளம் முழுக்கப் பட்டறை. தெருப்பக்கம் இரும்பு ஷட்டர், பின்சந்துப் பக்கம் ஒரு பெரிய கண்ணாடி ஜன்னல், பக்கவாட்டில் மாடிப்படியை ஒட்டி ஒரு கதவு. மூன்றாவது மாடியில் தையல் வகுப்பு. டீச்சரும் ஏழு மாணவிகளும் தெருப்பக்க ஜன்னலில் நெருக்கியடித்து நின்றார்கள். பட்டறைக் கதவின் இடுக்கு வழியாகப் புகை மாடிப்படியில் ஏறி, இறங்கும் வழியை அடைத்திருந்தது. ஷட்டரைத் தூக்கவும் முடியாது. தூக்கினால் வரும் புகை நேரே அந்தப் பெண்களின் முகத்தில் போய் அடிக்கும்.

தெருவில் எள் விழ இடமில்லை. பட்டறை முதலாளி தலைகால் புரியாமல் ஓடி வந்தார். "பின்னாடி ஜன்னல உடைங்க! புகை போயிடும்! என்ன வேடிக்கை பாக்குறீங்க?"

"வேடிக்கை பாக்கத்தான் இவ்வளவு பேர் இருக்காங்களே, நாங்க வேற எதுக்கு? தள்ளி நில்லுங்க" என்றாள் விசிறி. தீயைப் பார்த்ததும் அவளுக்கு வாய் திரும்பியிருந்தது.

மேலே பார்த்துக் குரல் கொடுத்தாள். "டீச்சர்! உங்க ரூம் கதவச் சாத்திட்டு அடியில துணிய அடைங்க!"

"என்ன துணி?"

"தையல் வகுப்புல நின்னுக்கிட்டு என்கிட்ட துணி கேக்குறீங்களே!"

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். மேலே பாதி தைத்த சட்டைகள் கதவிடுக்கில் போய் அடைந்தன.

அதற்குள் நெட்டையன் பக்கத்துக் கட்டடத்தின் வழியாக ஏறி மொட்டை மாடிக் கதவைத் திறந்துவிட்டான். விசிறி மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு படியடிக்குப் போய், பட்டறையின் பக்கக் கதவில் புகைத் திரையைத் தொங்கவிட்டாள். தடித்த, தீப்பிடிக்காத துணி. ஆள் அதன் அடியில் குனிந்து போகலாம், புகை வெளியே வராது. முந்திரியும் இன்னொருவரும் ஹோஸை இழுத்துக்கொண்டு அதன் அடியில் நுழைந்தார்கள். நுழையும் முன் முந்திரி அவளை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

புளோயரை மாடிப்படியின் தெருவாசலிலிருந்து மூன்றடி தள்ளி நிறுத்தி, லேசாக மேல்நோக்கிச் சாய்த்து ஸ்டார்ட் செய்தாள். கதவை ஒட்டி வைத்தால் காற்று நடுவில் மட்டும் போகும், ஓரத்தில் புகை திரும்பி வரும். தள்ளி வைத்தால் கதவுச் சட்டம் முழுவதையும் காற்று அடைத்துக்கொள்ளும். படிக்கட்டுப் புகைக்கு இனி ஒரே வழி, மேலே மொட்டை மாடி. இரண்டு நிமிடத்தில் முதல் மாடியின் கைப்பிடி தெரிந்தது. நான்காவது நிமிடத்தில் மூன்றாவது மாடி வரைக்கும் படிகளை எண்ணலாம்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. முந்திரி தீயில் தண்ணீர் அடித்ததும், வெப்பம் வெளியேற அவள் பின்பக்க ஜன்னலை உடைக்க வேண்டும். கம்பை எடுத்துக்கொண்டு சந்துக்கு ஓடினாள். முதலாளியும் பின்னாலேயே வந்தார்.

தெருவில் நின்றபோது காற்றே இல்லை. சந்தில் கதை வேறாக இருந்தது. இரண்டு உயரமான சுவர்களுக்கு நடுவே காற்று நெருக்கிப் பிடித்து வந்துகொண்டிருந்தது. கம்பை உயர்த்தியதும் நுனியிலிருந்த துணி நாடா நேரே ஜன்னலை நோக்கிப் பறந்து கண்ணாடியில் போய் ஒட்டிக்கொண்டது. 

அதே நேரம் ரேடியோவில் முந்திரியின் குரல். மூச்சு வாங்கியது. "தண்ணி அடிக்கிறேன். சூடு தாங்கல. ஜன்னலத் திற."

"அதான் திறக்கச் சொல்றாரே!" முதலாளி கத்தினார். "உடைங்கம்மா!"

விசிறி கம்பைக் கீழே இறக்கினாள். உடைத்தால் இந்தக் காற்று முழுவதும் உள்ளே பாயும். தீயை எதிர்ப்பக்கம் தள்ளும், அங்கே ஷட்டர் மூடியிருக்கிறது. தீக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி அந்தப் பக்கக் கதவு. கதவருகே முந்திரி. அவருக்குப் பின்னால் ஒரு துணித் திரை, அதற்குப் பின்னால் மாடிப்படி, படிக்கு மேலே எட்டுப் பெண்கள்.

"திறக்க மாட்டேன்" என்றாள் ரேடியோவில்.

"என்னது?"

"அண்ணே, பின்னாடி காத்து ஜன்னலப் பாத்து அடிக்குது. உடைச்சா எல்லாம் உங்க மேலதான் வரும். வெளிய வந்துடுங்க. வந்து பக்கக் கதவ இழுத்துச் சாத்துங்க. ஹோஸோட இந்தப் பக்கம் வாங்க. பொண்ணுங்க இறங்கினதும் ஷட்டரத் தூக்கிட்டு, இங்கிருந்து காத்து போற பக்கமா அடிக்கலாம்."

அவர் ஏன் தயங்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அந்த மனிதர் எந்தத் தீயிலிருந்தும் பாதியில் வெளியே வந்ததில்லை. உள்ளே அவருக்குக் காற்று தெரியாது, நாடா தெரியாது, சந்து தெரியாது. தெரிவது வெப்பமும் அவள் குரலும்தான். யாருடைய குரல்! அவருடைய காதைத் தின்ற ஜன்னலை உடைத்தவளின் குரல்.

அதிகாரியின் குரல் வந்தது. "முந்திரி, உள்ளே இருக்கிறது நீ. நீ முடிவு பண்ணு."

விசிறி ரேடியோவை வாயோடு வைத்துக்கொண்டு நின்றாள். கெஞ்ச வேண்டும் போலிருந்தது. கெஞ்சினால் நம்பிக்கை குறையுமோ என்று வாயை இறுக்கிக்கொண்டாள். அண்ணே வந்துடுங்க, அண்ணே வந்துடுங்க என்று மனசுக்குள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளி என்னென்னவோ திட்டிக்கொண்டிருந்தார். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

"வர்றேன்" என்றது ரேடியோ.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதன் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தன. பக்கக் கதவு சாத்தப்பட்டது. நெட்டையன் மேலிருந்து இறங்கி வந்து தையல் வகுப்பைப் படி வழியாக வரிசையாகக் கூட்டி வந்தான். ஒரு பெண் தைத்துக்கொண்டிருந்த சட்டையில் ஊசி தொங்க அப்படியே வந்தாள். டீச்சர் மட்டும் தன் பெரிய கத்தரிக்கோலை விட்டுவிட்டு வர முடியாது என்று நடுப்படியில் நின்று ஒரு தகராறு செய்து, கடைசியில் கத்தரிக்கோலோடுதான் இறங்கினார்.

முந்திரி சந்துக்கு வந்து ஹோஸைப் பிடித்து நின்றார். நாசிலைத் திறந்து தரையில் அடித்துக் காட்டினார். தண்ணீர் இருந்தது. தெருவைக் காலி செய்தாயிற்று என்று அதிகாரி ரேடியோவில் சொன்னார். "ஷட்டர் தூக்குறோம்!"

விசிறி ஜன்னலை உடைத்தாள். காற்று அவர்கள் முதுகைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று, தண்ணீரும் கூடவே போயிற்று. எதிர்ப்பக்கம் ஷட்டர் வழியே தீ ஒரே மூச்சில் வெளியே பாய்ந்து, நடுத்தெரு வரைக்கும் நாக்கை நீட்டியது. ஜன்னல் வழியாக முந்திரி அதைப் பார்த்தார். ஷட்டர் திறந்திருக்காவிட்டால் அது எந்தக் கதவுக்குப் போயிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால் மணி நேரத்தில் தீ அடங்கியது. பட்டறையில் பாதி போயிற்று. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. முதலாளி வந்து விசிறியிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு மிச்சமிருந்த சோபாக்களை எண்ணப் போய்விட்டார்.

ஒரு மணி சுமாருக்கு வண்டியின் பின்படியில் உட்கார்ந்து அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். உள்ளுக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. அந்த மனிதர் வந்துவிட்டார்! தன் பேச்சைக் கேட்டு வந்துவிட்டார்! சாயங்காலம் கணவரிடம் எதிலிருந்து தொடங்குவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது முந்திரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு நான் விசில் ஊதினேன்" என்றார்.

"என்னைக்கு?"

"காகிதக் கிடங்குல. மூணு தடவை. உனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு."

விசிறி பாட்டிலை வாயிலிருந்து எடுத்தாள்.

"தண்ணி வரல. ஆனா ஹோஸ் உப்பிக்கிட்டு வர்றது காலடியில தெரிஞ்சுது. இதோ வந்துடும்னு முன்கூட்டியே ஊதிட்டேன். எங்கயோ மடங்கி நின்னுடுச்சு. நீ நியாயமாத்தான் உடைச்ச."

"விசாரணையில இல்லைன்னு சொன்னீங்களே."

"பயந்துட்டேன். நானே எனக்குக் குழி தோண்டிக்கிட்டேன்னு தெரிஞ்சா வேலையே போயிடும்னு. அப்புறம் சொல்லணும், சொல்லணும்னு நாள் தள்ளிப் போச்சு. வருஷம் ஆகிடுச்சு. உன் மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் உன்கூட வேணாம்னு கேட்டேன். நம்பிக்கை இல்லாம இல்ல. இன்னைக்கு நீ வெளிய வான்னதும் ஏன் யோசிச்சேன் தெரியுமா? இவளுக்குப் போய் இப்படிப் பண்ணிட்டோமேன்னு. கால் நகரவே இல்ல."

பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தாள். அவர் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

"என் காத நானே நம்பாம இருந்தேன், அண்ணே. பதினாலு வருஷம்!" குரல் உடைந்தது. அழுகையா கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான். "எந்திரிங்க. ஸ்டேஷனுக்குப் போய் எழுதுறீங்க."

"எழுதுறேன். தலைமை அலுவலகத்துக்கே எழுதுறேன். நீ என்ன மன்னிச்சு…"

"அதெல்லாம் அப்புறம். முதல்ல எழுதுங்க."

நிலையத்துக்கு வந்து ஈர உடையைக்கூட மாற்ற விடாமல் அவரை மேஜையில் உட்கார வைத்தாள். அவர் எழுத எழுத, பின்னால் நின்று வாசித்தாள். 'நான் விசில் ஊதியிருக்கக்கூடும் என்று இப்போது தோன்றுகிறது' என்று ஒரு வரி வந்தது.

"தோணுதா?" என்றாள். "அடிங்க அத. ஊதினேன்னு எழுதுங்க. எத்தனை தடவைன்னும் எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினார். விசாரணையில் பொய் சொன்னதை எழுதும் இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தார். அவள் அவசரப்படுத்தவில்லை. 'ஜன்னலை உடைத்தவர் மீது எந்தத் தவறும் இல்லை' என்ற வரியை அவர் யாரும் சொல்லாமலே எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு நேரே அதிகாரியிடம் போனாள். அவர் இரண்டு வரி படித்ததும் நிமிர்ந்து பார்த்தார். "இது ரெண்டு பேருக்கும் நடுவுல உள்ள விஷயம் மாதிரி இருக்கே. கோப்புல வச்சுடட்டுமா?"

"வைக்கலாம் சார். அதுக்கு முன்னாடி எல்லாரையும் கூப்பிட்டுச் சத்தமா படிங்க. அன்னைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சுதானே என் பேரு கெட்டுச்சு?"

ஒன்பது பேர் கூடத்தில் வந்து நின்றார்கள். முந்திரி சுவரோரமாக, ஈரத் தலையோடு, ஓடி ஒளியாமல் நின்றார். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். நெட்டையன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விசிறி கைகளைக் கட்டிக்கொண்டு, கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டாள். படித்து முடித்துவிட்டு அதிகாரி தாளை மடிக்கப் போனார்.

"மடிக்காதீங்க சார்" என்றாள். "இன்னொரு தடவை படிங்க."